வலி நின்றது, நாண் தேறியதா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பரோட்டா மாஸ்டர். ஒன்றரை வருடமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் கடுமையான வலி. 'டென்னிஸ் எல்போ' என்று டாக்டர் சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டார். மறுநாளே கடைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் வலி சுத்தமாக இல்லை. இரண்டு மாதம் கழித்து முன்னைவிட அதிகமாக வந்தது. இரண்டாவது ஊசிக்கும் இதே கதைதான். இப்போது இடது குதிகாலுக்கு மேலே பின்பக்க நாண் தடித்திருக்கிறது. காலையில் எழுந்ததும் நொண்டுகிறார். தீபாவளிக்குக் கடையில் கூட்டம் தாங்காது என்பதால் கைக்கு மூன்றாவது ஊசியும் குதிகாலுக்கு ஒரு ஊசியும் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார். ஸ்டீராய்டு போட்டால் நாண் அறுந்துவிடும், எலும்பு கரைந்துவிடும் என்கிறார் அவருடைய நண்பர். ஆனால் என் மாமியாருக்கு விரல் மடங்கி நிமிராமல் நின்றபோது இதே ஊசிதான் ஒரே தடவையில் சரி செய்தது. கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். யார் சொல்வதை நம்புவது?

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கைக்கு மூன்றாவது ஊசி வேண்டாம். குதிகால் நாணுக்கு, இப்போது அவர் நினைப்பதுபோல் அவசரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்வது கூடவே கூடாது. நண்பர் சொன்னதில் பாதி உண்மை, பாதி வீண் பயம். உங்கள் மாமியாருக்கு விரல் நிமிர்ந்ததும் உண்மைதான். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஏன் என்று புரிந்துகொண்டால் உங்கள் கணவரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'மறுநாளே கடைக்குப் போய்விட்டார்' என்ற வரி. ஸ்டீராய்டு ஊசி பற்றி எந்த நோயாளியிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான்: ஊசிக்குப் பின் அடுத்த இரண்டு வாரம் அந்தக் கை என்ன வேலை செய்தது?

தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் வெண்மையான கயிறு. கயிற்றில் புரிகள் முறுக்கிக் கிடப்பதைப்போல, கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இழைகளுக்கு நடுவே நாண் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவானாலும், பழுதான இழையைக் கவனித்துப் புதியதை நெய்வது அவைதாம். தசையோடு ஒப்பிட்டால் நாணுக்கு வரும் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆகவே தசைப்பிடிப்பு ஆறுகிற வேகத்தில் நாண் ஆறுவதில்லை.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு டென்மார்க்கில் ஓர் அபாரமான ஆய்வு நடந்தது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென்று கூடி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. சாப்பாட்டின் வழியாக அது எல்லோருடைய உடலிலும் சேர்ந்தது. எந்தத் திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால், அந்தத் திசு எந்த ஆண்டு உருவானது என்று கணக்கிடலாம். மனிதர்களின் குதிகால் நாணை இப்படி அளந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள், அதாவது உயரம் வளர்ந்து முடிவதற்குள், கட்டி முடிக்கப்பட்டுவிடுகிறது. அதன்பிறகு அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் மாற்றம் நடக்கிறது. உங்கள் கணவர் இன்று நிற்கும் குதிகால் நாணின் உட்பகுதி, அவர் பள்ளி வயதில் பெற்றது. இதைப் படித்த பிறகு நாண் அருகே ஊசியைக் கொண்டுபோகும் எவருக்கும் கை சற்றுத் தயங்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இனி ஊசிக்கு வருவோம். நாம் போடுவது பெரும்பாலும் டிரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன். இரண்டும் மெதுவாகக் கரைந்து அந்த இடத்திலேயே வாரக்கணக்கில் வேலை செய்யும் வகை. ஆய்வகத்தில் நாண் செல்கள்மேல் இந்த மருந்தைப் படவிட்டுப் பார்த்தால், அவை பெருகுவது குறைகிறது, மடிவது கூடுகிறது, கொலாஜன் உற்பத்தி தாழ்கிறது. விலங்குகளில் பார்த்தால் இழைகளின் ஒழுங்கு கலைகிறது, இழுவிசையைத் தாங்கும் திறன் பல ஆய்வுகளில் குறைகிறது. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவில் சொல்லவில்லை. ஆனால் 2014-இல் இவற்றைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு, மொத்தத்தில் நாணுக்கு இது கேடுதான் என்ற முடிவுக்கே வந்தது.

இதில் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது ஒரு பழைய ஆய்வு. 1976-இல் கென்னடி, வில்லிஸ் என்ற இருவர் முயல்களின் குதிகால் நாணுக்குள் ஸ்டீராய்டு செலுத்தி, நாண் அறுந்துபோக எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளந்தார்கள். 48 மணி நேரத்தில் அது சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. அவை நோயில்லாத நாண்கள், முயலின் நாண்கள் என்பதை மறக்கக்கூடாது. மனிதரின் நைந்த நாணில் கணக்கு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாள்களைப் பொருத்திப் பாருங்கள். நாண் மிகவும் பலவீனமாக இருக்கக்கூடிய அதே மூன்றாம் நாளில்தான் உங்கள் கணவருக்கு வலி சுத்தமாக இல்லை. 'போதும், நிறுத்து' என்று கையைத் தடுத்துக்கொண்டிருந்தது வலி. அது இல்லாத தைரியத்தில் அவர் நேராகக் கல்லுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார்.

கொத்துப் பரோட்டா போடும் கையை அருகில் நின்று கவனித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார். அடி விழும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு ஆடாமல் நிற்கவேண்டும். அதை நிற்கவைப்பது முன்கையின் மேற்பக்கத் தசைகள். அவற்றில் ஒன்றின் நாண் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முட்டில் போய் ஒட்டுகிறது. ஒரு விரலால் அழுத்தினால் துள்ளிக்குதிக்க வைக்கிறதே, அதே இடம். எதை இறுக்கிப் பிடித்தாலும் அந்த நாண் இழுபடும். மைதாவைப் பிசையும்போதும் இழுபடும், மாவை வீசும்போதும் இழுபடும், வெந்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கும்போதும் இழுபடும். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. தையல்காரர், கொத்தனார், தச்சர், துணி பிழிந்து பிழிந்து கை சோர்ந்த பெண்கள் என்று என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் உழைக்கிற கைகளோடுதான் வருகிறார்கள்.

'இரண்டு மாதம் கழித்து முன்னைவிட அதிகமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல இது. நெதர்லாந்தில் 185 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி, இன்னொரு பிரிவுக்கு ஆலோசனை மட்டும் சொல்லிக் காத்திருக்கவைத்தார்கள். 2002-இல் வெளியான முடிவு இது: 6 வாரத்தில் ஊசிப் பிரிவில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், பிசியோதெரபியில் 47, காத்திருந்தவர்களில் 32. இத்தோடு நிறுத்தியிருந்தால் ஊசியே வெற்றி. ஆனால் ஓராண்டு முடிவில் ஊசிப் பிரிவில் தேறியிருந்தவர்கள் 69 சதவீதம், பிசியோதெரபியில் 91, ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களில் 83.

அடுத்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இதையே இன்னும் கறாராகச் சோதித்தார்கள். 165 பேர். ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டு, மற்றவர்களுக்கு மருந்தில்லாத உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2013-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் முழுமையாகவோ பெரும்பகுதியோ குணமானவர்கள் ஸ்டீராய்டு பிரிவில் 83 சதவீதம், உப்புநீர் பிரிவில் 96. தேறியபின் மறுபடி வலி திரும்பியது ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 சதவீதத்தினருக்கு. உப்புநீர் பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கு. இந்த இரண்டு எண்களை மட்டும் உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

இப்படி ஏன் நடக்கிறது என்பதற்குப் பல ஆண்டுகள் நாங்கள் நோயைப் பார்த்த விதமும் ஒரு காரணம். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வியப்பு நியாயமானது. முடக்குவாதத்தில் மூட்டு உள்ளுக்குள் அழற்சியால் வெந்துகொண்டிருக்கிறது. அந்த அழற்சியை ஸ்டீராய்டு அணைக்கிறது. அதே கணக்கில், வலிக்கிற நாணிலும் அழற்சிதான் இருக்கவேண்டும் என்று நினைத்து அதே மருந்தை அங்கும் கொண்டுபோனோம். பிறகு அறுவை செய்து எடுத்த நாண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாள்பட்ட வலியில் வழக்கமான அழற்சியின் அடையாளம் சொற்பமாகவே இருந்தது. அங்கே இருந்தது நைந்து, ஒழுங்கு கலைந்த இழைகளும், பாதியில் நின்றுபோன பழுதுபார்ப்பும்தான். நைந்ததை நெய்யவேண்டிய செல்களையே அடக்கும் மருந்து அங்கே வலியைக் குறைக்கும், நாணைத் தேற்றாது.

உங்கள் மாமியாரின் விரல் ஏன் சரியானது என்பதும் இதிலேயே இருக்கிறது. அவருக்கு நாண் ஓடும் உறை தடித்து, வழி குறுகி, நாண் அதில் சிக்கி நின்றது. ஊசி உறைக்குள் போகிறது, நாணுக்குள் அல்ல. உறையின் தடிப்பு வடிந்ததும் நாண் தடையில்லாமல் ஓடுகிறது. குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு வலிக்கும் தாய்மார்களுக்கும் இதே கணக்குதான். ஊசி நன்றாகக் கேட்கும். தோள்மூட்டு இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாத 'ஃபுரோசன் ஷோல்டர்' நோயின் ஆரம்பத்தில் மூட்டுக்குள் போடும் ஊசி வலியை நன்றாகக் குறைக்கும். நானும் இந்த நோய்களுக்கு இந்த ஊசியைத் தயங்காமல் போடுகிறேன். ஆகவே 'ஸ்டீராய்டு என்றாலே விஷம்' என்ற பேச்சை உங்கள் வீட்டில் யாரும் நம்பவேண்டாம். எந்த இடம், எந்த நோய், எத்தனையாவது ஊசி, அதன்பின் அந்த உறுப்புக்கு ஓய்வு கிடைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் அது நன்மையாகவோ தீமையாகவோ முடிகிறது.

எலும்பு கரையும் என்ற பயம் வேறு விஷயம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு மெலிவது உண்மை. முழங்கையில் இரண்டு ஊசி போட்டதால் அப்படி ஆகாது. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்திருக்கிறதா, அடியிலுள்ள கொழுப்பு கரைந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் நிறத்துத் தோலில் அந்த வெளுப்பு பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மாதங்கள் போகப் போக நிறம் திரும்பும்.

சர்க்கரைதான் உண்மையான கவலை. இந்த ஊசி போட்ட பின் சில நாள்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும். சிலருக்கு ஒரு வாரம் வரை நீடிக்கும். இரண்டு ஊசியின்போதும் யாராவது சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார்களா? சொல்லியிருக்கவேண்டும். அதற்கும் மேலே, பல வருடம் கட்டுப்பாடில்லாத சர்க்கரை கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை விறைப்பாக்குகிறது. குதிகால் நாண் தடிப்பதும் சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்த எண்ணைக் குறைப்பதும் இந்த வலிக்கான வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

இப்போது குதிகால். இங்கே நான் சற்றுக் கடுமையாகவே பேசுகிறேன்.

உடலிலேயே மிகத் தடிமனான நாண் அது. மிக அதிகச் சுமையைத் தாங்குவதும் அதுதான். ஓடும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. முழங்கை நாண் கொஞ்சம் கிழிந்தாலும் மனிதர் நடமாடுவார். குதிகால் நாண் அறுந்தால் நிற்பதே கேள்வியாகிவிடும். ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் அது அறுந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல ஆண்டுகளாகப் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. எலும்பு மருத்துவர்களில் பெரும்பாலோர் அந்த நாணுக்குள் இந்த ஊசியைப் போடுவதில்லை, நானும் போடுவதில்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே நாணுக்கு வெளியே, அதன் முன்பக்கத்தில் ஸ்டீராய்டு செலுத்தி, கூடவே கண்காணித்த உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சியோடு போலி ஊசி பெற்றவர்களைவிட இவர்கள் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். ஒருவருக்கும் நாண் அறுபடவில்லை. இதைச் சொல்லாமல் மறைப்பது சரியல்ல. ஆனால் ஊசியின் இடம், அதன்பின் சுமையை ஏற்றிய விதம் இரண்டும் அங்கே திட்டமிட்டு நடந்தன. தீபாவளிக் கூட்டத்துக்கு முன் அவசரமாக ஒரு ஊசி, மறுநாள் பன்னிரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்பது என்பது அந்த ஆய்வில் எவருக்கும் நடந்ததல்ல.

இன்னும் ஒரு கேள்வி, தயவுசெய்து நினைவுபடுத்திப் பாருங்கள். அண்மையில் காய்ச்சலுக்கோ, வயிற்றுப்போக்குக்கோ, சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் என்று 'ஃப்ளாக்சசின்' என முடியும் பெயருள்ள மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா? இந்தக் குடும்பத்து மாத்திரைகள் குதிகால் நாணைப் பாதிக்கக்கூடும் என்று 2008-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் அச்சிட உத்தரவிட்டது. ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். நம் ஊரில் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே இவற்றை வாங்கிவிடுகிறார்கள். சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இனி வேறு மாத்திரை கேளுங்கள்.

சரி, ஊசி வேண்டாமென்றால் என்னதான் செய்வது? நாணுக்கு வலிமை ஏற்ற இன்றுவரை நமக்குத் தெரிந்த நம்பகமான வழி ஒன்றுதான்: அளந்து, படிப்படியாகச் சுமை ஏற்றுவது. முழு ஓய்வு நாணை மேலும் மெலியவைக்கும். வலி பொறுத்து முழு வேலை செய்வது மேலும் நைய வைக்கும்.

முழங்கைக்கு இப்படிச் செய்யச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முன்கை முழுவதையும் மேசைமேல் வைக்கவேண்டும். மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை தரையைப் பார்த்து இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை நேராக வைத்து 30 முதல் 45 வினாடி அசையாமல் நிறுத்தவேண்டும். ஒரு நிமிடம் இளைப்பாறி மீண்டும், நான்கைந்து தடவை. அது எளிதானதும், இடது கையால் வலது கையை மேலே தூக்கிவிட்டு, வலது கை தானாக மெல்ல நான்கு வினாடியில் கீழே இறங்கட்டும். 15 தடவை வீதம் மூன்று சுற்று. பிறகு ஒரு லிட்டர் பாட்டில், அதன்பின் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ. கனமான பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது நல்லது. கடும் சுமைக்குப் பின் முதல் ஒன்றரை நாள் நாணில் கொலாஜன் சிதைவது கூடுதலாகவும், அதற்குப் பிறகே கட்டுவது மேலோங்கியும் இருக்கிறது. தினமும் வற்புறுத்தினால் கட்டும் வேலைக்கு அவகாசம் கிடைக்காது. பயிற்சியின்போது வலி இருக்கலாம். பத்துக்கு நான்கு மதிப்பெண் போடும் அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் அது முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் எடையைக் குறைக்கவேண்டும்.

குதிகாலுக்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் முன்பாதத்தில் எழுந்து, மெல்ல இறங்குவதில் தொடங்கட்டும். சில வாரத்தில் இரு காலால் எழுந்து, வலிக்கும் காலால் மட்டும் இறங்குவது. பிறகு படிக்கட்டின் விளிம்பில். 1998-இல் ஸ்வீடனில் ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவர் ஓட்டக்காரர்களுக்கு இந்த இறக்கப் பயிற்சியை 12 வாரம் கொடுத்து, அறுவைக்குக் காத்திருந்தவர்களையே திரும்ப ஓடவைத்தார். உங்கள் கணவருக்கு அவர் கொடுத்த அளவு கடுமை தேவையில்லை. ஆனால் 12 வாரம் என்பதில் குறைக்க முடியாது. வெறுங்காலோடும் தட்டையான ரப்பர் செருப்போடும் அடுப்படியில் நிற்பதை நிறுத்தச் சொல்லுங்கள். குதிகால் பக்கம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்த செருப்பு அந்த நாணின் இழுவையைக் குறைக்கும்.

வேலையை விட்டுவிடச் சொல்லும் மருத்துவருக்கு வாடகை எப்படிக் கட்டுவது என்று தெரியாது. அதனால் வேலைக்குள்ளேயே மாற்றம் தேடுங்கள். கொத்துவதை மட்டும் மூன்று மாதம் வேறு ஒருவரிடம் விடமுடியுமா? நான் முதலில் கேட்பது இதைத்தான். அந்த நாணுக்கு அதுவே மிகப்பெரிய சுமை. தகட்டின் பிடியில் துணி சுற்றிக் கொஞ்சம் தடிமனாக்கினால் இறுக்கம் குறையும். மாவுப் பாத்திரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கித் தூக்கவேண்டும். கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்குவதுதான் சுரீரென்று இழுப்பது. முழங்கைக்கு இரண்டு விரல்கடை கீழே கட்டும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். வேலை நேரத்தில் மட்டும் கட்டட்டும். வலி மிஞ்சினால் டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம், பாராசிட்டமால் அளவோடு சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருப்பவர் வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கித் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

இரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியை யாராவது இனி பரிந்துரைக்கக்கூடும். டென்னிஸ் எல்போவுக்கு அது பொய் ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தருவதில்லை என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பாய்வின் முடிவு. ஆயிரக்கணக்கில் செலவழிக்கவேண்டாம். அறுவைச் சிகிச்சையைப் பற்றி இப்போது நினைக்கவே தேவையில்லை.

தீபாவளிக்குள் கை முழுதும் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆகாது. ஆறு வாரத்தில் பிடியின் பலம் கூடுவது தெரியும்; மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும். இந்தத் தீபாவளிக்கு மாவு வீசுவதையும் கல்லையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும், கொத்துவதற்கு ஓர் உதவியாளரைக் கடைக்காரர் அமர்த்தட்டும். கைதேர்ந்த மாஸ்டரை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ள விரும்பும் எந்தக் கடைக்காரருக்கும் இது நியாயமான பேச்சுதான். தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் 'பன்னிரண்டு வாரம் கனமான பிடிவேலை தவிர்க்கவும்' என்று எழுதி வாங்கிக் காட்டுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பழைய ஊசிகளின் சீட்டுகளை எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்து வாங்குங்கள். அது உங்கள் உரிமை. 'ஆண்டுக்கு மூன்று வரை போடலாம்' என்று சொல்லப்பட்டால், அது வழக்கத்தில் வந்த கணக்கே தவிர மூன்று வரை நாணுக்கு ஒன்றும் ஆகாது என்பதற்கான சான்று அல்ல என்று நினைவில் வையுங்கள். கழுத்தையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். விரல்களில் மரமரப்பு இருந்தால் வலியின் ஊற்று கழுத்து நரம்பாகவும் இருக்கலாம். குதிகாலுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, நாண் தடித்திருக்கிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்கட்டும்.

இடையில் எப்போதாவது குதிகாலுக்குப் பின்னால் யாரோ உதைத்ததுபோல் 'டப்' என்று உணர்ந்தாலோ, அந்தக் காலின் முன்பாதத்தில் எழ முடியாமல் போனாலோ, அவரைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி வையுங்கள். கெண்டைக்கால் சதையை உங்கள் கையால் பிடித்து அழுத்துங்கள். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். வலிக்கும் காலில் பாதம் அசையாமல் கிடந்தால் நாண் அறுந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் தேய்க்காமல், கட்டுப்போடுகிறவரிடம் போகாமல், காலை ஊன்றவிடாமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.